கான் மேட்டுக்கு ஓடுகிறது: மலையகத்தில் ட்ரோன் படங்களின் உயரப் பிழையைத் திருத்துதல்

கையில் இருந்த வேலை இது. இலங்கை மலையகத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேல்கணக்கையும் கீழ்க்கணக்கையும் (மேல், கீழ்ப் பிரிவுகளை) சேர்த்து ஒரே சமவுயரக்கோட்டு வரைபடம் வேண்டும். ஒரு அங்குல சென்சர் உள்ள சாதாரண ட்ரோன், ஆர்டிகே (சென்டிமீட்டர் துல்லிய ஜிபிஎஸ்) கிடையாது. மூன்று பெட்டரி, அதாவது மூன்று பறப்பு, 540 படங்கள், ஏறத்தாழ 45 ஹெக்டேர். வெப்ஓடிஎம் என்ற வரைபட மென்பொருளில் போட்டு எடுத்ததும் மேலிருந்து பார்க்கும் படம் கண்ணுக்கு லட்சணமாகத்தான் வந்தது. உயர மாதிரியைத் திறந்த பிறகுதான் சிக்கல் தெரிந்தது. 120க்கு 1 என்ற சரிவில் வெட்டிய கான்களில் (தண்ணீர் வடியும் வாய்க்கால்களில்) பாதி, தண்ணீரை மேட்டுக்கு ஏற்றிக்கொண்டிருந்தன. இரண்டு கணக்குக்கும் நடுவே போகும் ரோட்டு ஒரு வளைவில் இரண்டு தட்டாகப் பிரிந்து, ஒன்றன் மேல் ஒன்றாக மிதந்தது.

இப்படி வந்தால் முதலில் எல்லோரும் கேட்பது "எத்தனை மீட்டர் பிழை?" என்றுதான். அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது: எல்லாப் படத்திலும் ஒரே அளவு பிழையா, படத்துக்குப் படம் மாறுகிற பிழையா? எல்லாப் படமும் ஒரே சீராக 90 மீட்டர் தாழ்ந்திருந்தால் பரப்பளவு கெடாது, கன அளவு கெடாது, கானின் சரிவும் கெடாது. முழு மாதிரியையும் 90 மீட்டர் தூக்கி வைத்தால் முடிந்தது. ஆனால் காலையில் பறந்த பெட்டரிக்கும் பின்னேரம் பறந்த பெட்டரிக்கும் இடையில் 20 மீட்டர் வித்தியாசம் இருந்தால் அது மாதிரியையே சாய்த்துவிடும். இரண்டு பறப்புகளின் நடுப்புள்ளிகளும் 600 மீட்டர் தள்ளியிருந்தால் 20 மீட்டர் என்பது ஏறத்தாழ 2 பாகை சாய்வு. 120க்கு 1 கானின் சரிவோ அரைப் பாகைகூட இல்லை. மென்பொருள் அந்த வித்தியாசத்தில் கால்வாசிக்குச் சற்று மேல் விழுங்கினாலே கான் திசை மாறிவிடும்.

இரண்டு பறப்புக்கும் பொதுவான இடத்தில் படங்கள் நன்றாகப் பொருந்தினால் மென்பொருள் இரண்டு உயரத்துக்கும் நடுவே சமாதானம் பண்ணி மாதிரியைச் சாய்க்கும். பொருத்தம் குறைவாக இருந்தால் இரண்டு தட்டாகப் பிரிக்கும். தேயிலை நிரை எல்லாம் ஒரே மாதிரி இருப்பதால் பொருத்தம் கிடைப்பது கஷ்டம். அதனால் இந்த வேலையில் இரண்டு வியாதியும் சேர்ந்தே வந்தன.

படத்துக்குள் எழுதியிருப்பது எந்த உயரம்

டிஜேஐ வகை ட்ரோன் எடுத்த படத்துக்குள் உயரம் குறைந்தது இரண்டு விதமாக இருக்கும். ஒன்று ரிலேட்டிவ் ஆல்டிட்யூட்: ஏறிய இடத்தைச் சுழியமாக வைத்து காற்றழுத்தமானி சொல்வது. மற்றது அப்சொலூட் ஆல்டிட்யூட்: கடல் மட்டத்துக்கு மேல் என்று ட்ரோன் நினைத்துக்கொள்வது. படக்கோப்போடு ஒட்டியிருக்கும் எக்ஸிஃப் தகவல் பகுதியில் ஜிபிஎஸ் ஆல்டிட்யூட் என்று இருப்பதும் பெரும்பாலும் இந்த இரண்டாவதுதான். வரைபட மென்பொருள்கள் வழக்கமாக எடுத்துக்கொள்வதும் இதைத்தான். ஆர்டிகே இல்லாத பல மாடல்களில் நம்பக்கூடாத எண்ணும் இதுவே.

மூலப் படங்களைத் தொடாமல் ஒரு பிரதி எடுத்து வைத்துவிட்டு, எக்ஸிஃப்டூல் என்ற மென்பொருளால் ஒரு அட்டவணை எடுங்கள். படத்தின் பெயர், நேரம், அகலாங்கு, நெட்டாங்கு, அப்சொலூட், ரிலேட்டிவ். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பி வாங்கியவை இதற்கு உதவாது. அதில் இந்தத் தகவல்கள் எல்லாம் உதிர்ந்துவிடும். மெமரி கார்டிலிருந்தே எடுக்க வேண்டும்.

அட்டவணையில் அப்சொலூட்டிலிருந்து ரிலேட்டிவைக் கழித்து ஒரு புதுப் பத்தி போடுங்கள். "நான் ஏறிய தரை இத்தனை மீட்டர்" என்று ட்ரோன் நம்பிய எண் அது. ஒரே பறப்புக்குள் இது அசையாமல் நின்றால், ட்ரோன் தொடக்கத்தில் ஒரு தரை உயரத்தைப் பிடித்து, அதன் மேல் காற்றழுத்தமானியின் எண்ணைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறது. மேலும் கீழும் ஆடினால் ஜிபிஎஸ் உயரமும் உள்ளே கலந்திருக்கிறது. இந்த வேலையில் எண் அசையவில்லை. பறப்புக்குப் பறப்புதான் மாறியது:

முதல் பறப்பு, காலை 9.10, கொழுந்து மடுவத்து (கொழுந்து நிறுக்கும் கொட்டகை) முற்றம்: 1,375 மீட்டர்.
இரண்டாம் பறப்பு, காலை 9.45, அதே முற்றம்: 1,374 மீட்டர்.
மூன்றாம் பறப்பு, பிற்பகல் 2.20, கீழ்க்கணக்குப் பிரட்டுக்களம் (தொழிலாளர் கூடி வேலை பிரிக்கும் இடம்): 1,348 மீட்டர்.

இரண்டு இடத்தின் உண்மையான உயரத்தையும் பிறகு அளந்தபோது மடுவம் 1,418.3, பிரட்டுக்களம் 1,371.6. காலையில் 43 மீட்டர் தாழ்வு, பிற்பகலில் 24 மீட்டர் தாழ்வு. உண்மையில் 46.7 மீட்டர் இறக்கமுள்ள இரண்டு இடங்களுக்கு நடுவே 27 மீட்டர்தான் இறக்கம் என்று ட்ரோன் சொல்லியிருக்கிறது. ரோட்டு இரண்டு தட்டான கதை இந்த 20 மீட்டரில்தான் இருக்கிறது.

43 மீட்டர் எங்கே போனது

காற்றழுத்தமானி அளப்பது அழுத்தத்தை, உயரத்தை அல்ல. அழுத்தத்தை உயரமாக மாற்ற ஒரு நியம வளிமண்டலத்தை வைத்துக் கணக்குப் பார்க்கிறது: கடல் மட்டத்தில் 1013.25 ஹெக்டோபாஸ்கல், 15 பாகை செல்சியஸ், ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் 6.5 பாகை குறைவு. அந்தக் கணக்குப்படி 1,418 மீட்டரில் வெப்பநிலை 6 பாகைக்கும் கீழே இருக்க வேண்டும். அட்டன் பக்கம் அந்த உயரத்தில் காலை ஒன்பது மணிக்கு 18 பாகை இருக்கும். சூடான காற்று பரந்து நிற்கும். அதனால் உயரம் கூடக்கூட அழுத்தம் குறைவதும் மெதுவாகவே நடக்கும். நியமக் கணக்கை நம்பும் கருவி, ஏறிய உயரத்தைக் குறைத்தே சொல்லும். கடல் மட்டத்திலிருந்து இங்கு வரை காற்று முழுவதும் நியமத்தை விட 12, 13 பாகை சூடு என்றால் குறைவு 4 வீதத்துக்குச் சற்று மேல், அதாவது 60 மீட்டருக்குக் கிட்ட. இலங்கையில் கடல் மட்ட அழுத்தம் நியமத்தை விடக் கொஞ்சம் குறைவாக இருப்பது வழக்கம். அது எதிர்ப் பக்கமாக ஒரு 20 மீட்டரைத் திருப்பித் தந்துவிடும். மிச்சம் நாற்பது சொச்சம். அட்டவணை சொன்னதும் அதுவே.

கொழும்பில் இருந்து பறக்கிறவருக்கு இந்த வெப்பநிலைப் பிழை கண்ணில் படாது, ஏறுவதற்கே உயரம் இல்லை. நுவரெலியாவில், 1,868 மீட்டரில், இதே கணக்கு 80 மீட்டருக்கு மேல் போகும்.

காலைக்கும் பின்னேரத்துக்கும் நடுவே 20 மீட்டர்

இதுதான் பலரும் கோட்டை விடுகிற இடம். வெப்பமண்டலத்தில் காற்றழுத்தம் கடல் வற்றுப் பெருக்கு மாதிரி தினமும் இரண்டு தடவை ஏறி இறங்கும். காலை 10 மணியளவில் உச்சம், பின்னேரம் 4 மணியளவில் தாழ்வு, இரவு 10க்கு மறுபடி உச்சம், விடியற்காலை 4க்கு மறுபடி தாழ்வு. மழை இல்லை, புயல் இல்லை, அப்போதும் இது நடக்கும். காலை உச்சத்துக்கும் பின்னேரத் தாழ்வுக்கும் இடையில் 2 முதல் 3 ஹெக்டோபாஸ்கல் வித்தியாசம். 1,400 மீட்டரில் ஒரு ஹெக்டோபாஸ்கல் என்பது ஏறத்தாழ 10 மீட்டர். ஆகவே ஒரே முற்றத்தில் வைத்த ட்ரோன் காலை 10க்கு ஒரு உயரமும், பின்னேரம் 4க்கு அதைவிட 20 மீட்டருக்கு மேல் கூடுதலான உயரமும் காட்டும். தரை அசையவில்லை, காற்றுதான் அசைந்தது.

இதே காரணத்தால் ஒரு பறப்புக்குள்ளும் உயரம் நழுவும். மதியத்துக்குப் பிறகு மணிக்கு அரை ஹெக்டோபாஸ்கல் இறங்கினால் 16 நிமிடப் பறப்பில் 1.3 மீட்டர். அதிகமில்லை, ஆனாலும் கணக்கில் எடுக்கலாம். காலை 9 முதல் 11 வரை அழுத்தம் உச்சத்தில் தட்டையாக நிற்கும் நேரம், நழுவல் மிகக் குறைவு. மலைநாட்டில் மதியத்துக்கு மேல் மிஸ்ட் இறங்கிவிடுவதால் எப்படியும் காலைதான் பறக்கிற நேரம். அதோடு இந்தக் காரணத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒன்பதுக்கு முன்னால் மேற்குப் பார்த்த சரிவுகள் நிழலில் கிடக்கும், அது வேறு தொல்லை.

காற்று வீசுவதும் ஏமாற்றும். வினாடிக்கு 10 மீட்டர் காற்று முகத்தில் முழுதாக அடித்தால் அரை ஹெக்டோபாஸ்கல் அழுத்தம் கூடும். அது 5 மீட்டர். ட்ரோனின் உடம்புக்குள் முழுதும் போகாது என்றாலும், காற்றுக்கு எதிரே போகும் வரிசைக்கும் காற்றோடு திரும்பும் வரிசைக்கும் இடையில் ஒரு மீட்டர் அளவில் மாற்றம் வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். மலை இடுக்கில் காற்று கிளம்புவதற்கு முன் பறப்பதைத் தவிர இதற்கு மருந்து இல்லை.

தரைக்குத் தரை சோதனை

ரிலேட்டிவ் உயரத்தை எவ்வளவு நம்பலாம் என்று தெரிய ஒரு சுலபமான சோதனை உண்டு. உயர வித்தியாசம் தெரிந்த இரண்டு தரைப் புள்ளிகள் இருந்தால் போதும். பிரட்டுக்களத்தில் ட்ரோனை ஏற்றி, மடுவத்து முற்றத்தில் இறக்கி, அங்கே தரையில் இருக்கும்போதே ஒரு படம் எடுங்கள். பிறகு திரும்பக் கொண்டுவந்து பிரட்டுக்களத்தில் இறக்கி இன்னொரு படம். இறக்கும் இடத்தில் ஆள் நின்று ஆட்களையும் நாய்களையும் விலக்க வேண்டும். அங்கிருந்து திரும்ப ஏற்றும்போது கருவி உயரத்தைச் சுழியமாக்கிவிடும். அதனால் எண்ணைத் தரைப் படத்திலிருந்து மட்டும் எடுங்கள்.

இந்த ட்ரோன் மடுவத்தில் 44.8 என்று காட்டியது. உண்மை 46.7. வகுத்தால் 1.042. மேலே சொன்ன வெப்பநிலைக் கணக்கு சொல்வதும் இதைத்தான்: 18 பாகை என்பது 291 கெல்வின், நியமம் 279 கெல்வின், விகிதம் 1.043. அப்படியென்றால் இந்தக் கருவி வெப்பநிலையைத் திருத்துவதே இல்லை. "80 மீட்டரில் பறக்கிறேன்" என்று திரையில் காட்டும்போது உண்மையில் 83.4 மீட்டரில் இருக்கிறது. எல்லா ட்ரோனும் இப்படி அல்ல. ஆர்டுபைலட் என்ற மென்பொருளில் ஓடும் கருவிகள் தரை வெப்பநிலையைக் கணக்கில் சேர்க்கின்றன. ஆனால் சென்சர் பலகையின் சூட்டை வெளிக்காற்றின் சூடு என்று நம்பினால் பிழை எதிர்ப் பக்கம் போகும். அதற்கு பேரோ கிரவுண்ட் டெம்ப் என்ற அமைப்பில் வெளி வெப்பநிலையை நாமே எழுதிவிடலாம். எந்தக் கருவியானாலும் அளந்து பார்த்த விகிதத்தை மட்டும் பயன்படுத்துங்கள்.

ஒவ்வொரு பறப்பிலும் ஏறுவதற்கு முன் தரையில் ஒரு படம், இறங்கிய பிறகு தரையில் ஒரு படம் எடுக்கும் பழக்கம் வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. முதல் படம் சுழியத்தைக் காட்டும், கடைசிப் படம் நழுவலைக் காட்டும், எந்தப் பறப்பு எங்கே முடிந்தது என்பதும் குழம்பாது. ட்ரோனை வேனின் சூட்டிலிருந்து எடுத்தவுடன் ஏற்றாமல் இரண்டு மூன்று நிமிடம் இயக்கி வைத்து, பிறகு ஏற்றுங்கள்.

திருத்தும் கணக்கு

தரை உயரத்தை அளப்பது முதல் படி. இரட்டை அலைவரிசை ஜிஎன்எஸ்எஸ் (ஜிபிஎஸ் வகைச் செயற்கைக்கோள்) கருவி ஒன்றை மூன்று கால் தாங்கியில் மடுவத்து முற்றத்தில் இரண்டு மணி நேரம் அசையாமல் வைத்துப் பதிவு எடுத்து, கனடிய அரசின் இலவச பிபிபி சேவைக்கு (ஒரே கருவியின் பதிவிலிருந்து துல்லியமான இடத்தைக் கணக்கிடுவது) ரைனெக்ஸ் என்ற பொது வடிவக் கோப்பாக அனுப்பினால் உயரம் சில சென்டிமீட்டர் துல்லியத்தில் வரும். அன்டெனாவின் உயரத்தைச் செங்குத்தாக அளக்க வேண்டும். சரிந்த நாடாவின் நீளத்தை எழுதுவதுதான் இங்கே வழக்கமான தப்பு. பிரட்டுக்களத்தையும் மற்றப் புள்ளிகளையும் மடுவத்தை அடிப்படையாக வைத்து ரோவர் என்ற நடமாடும் துணைக் கருவியால் எடுக்கலாம்.

திருத்தம் படத்துக்குப் படம் இப்படி:

உண்மை உயரம் = தரை உயரம் + (ரிலேட்டிவ் − அந்த நேரத்து நழுவல்) × விகிதம்

மூன்றாம் பறப்பில் ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். ஏறி 9ஆம் நிமிடம், ரிலேட்டிவ் 74.2. இறங்கியதும் தரைப் படம் சுழியத்துக்குப் பதில் 1.2 காட்டியது, பறந்தது 16 நிமிடம். 9ஆம் நிமிடத்தின் பங்கு 0.7. கழித்தால் 73.5. அதை 1.042ஆல் பெருக்கினால் 76.6. தரை 1,371.6ஐக் கூட்டினால் 1,448.2. படத்துக்குள் எழுதியிருந்தது 1,422.2. சரியாக 26 மீட்டர் தாழ்வு. முதல் பறப்பில் இதே மாதிரிப் படத்துக்குத் தாழ்வு 46. ஒரே எண்ணை எல்லாப் படத்திலும் கூட்டுவது ஏன் உதவாது என்பது இதிலேயே தெரிகிறது.

இதை எக்செல்லில் 540 வரிக்கும் இழுத்து, ஓடிஎம்முக்கு (வெப்ஓடிஎம்முக்குள் ஓடும் மென்பொருள்) ஜியோ என்ற பெயரில் ஒரு டெக்ஸ்ட் கோப்பாகக் கொடுத்தால் அது படத்துக்குள் இருக்கும் எண்களை விட்டுவிட்டு இதை எடுத்துக்கொள்ளும். முதல் வரியில் ஈபிஎஸ்ஜி 4326 (அகலாங்கு, நெட்டாங்கு முறையின் குறியெண்), அடுத்த வரிகளில் படத்தின் பெயர், நெட்டாங்கு, அகலாங்கு, உயரம். நெட்டாங்குதான் முதலில். 80 என்று தொடங்குவது முன்னால், 6 என்று தொடங்குவது பின்னால். மாற்றிப் போட்டால் தோட்டம் ஸ்வால்பார்டுக்கு அப்பால் ஆர்க்டிக் கடலில் போய் விழும். நகைச்சுவையாக இருந்தாலும் அப்படி விழுந்தால் நல்லதுதான், உடனே தெரிந்துவிடும். தெரியாமல் போகும் பிழைகள்தான் ஆபத்து.

மலையில் மறைந்துகொள்ளும் 95 மீட்டர்

அப்படித் தெரியாமல் போகும் பிழையில் பெரியது ஜியோயிட், அதாவது கடல் மட்டத்தின் வடிவம். ஜிஎன்எஸ்எஸ் அளப்பது எலிப்சொயிட் என்ற கணித வடிவத்துக்கு மேலுள்ள உயரம். நமக்கு வேண்டியது கடல் மட்டத்துக்கு மேலுள்ளது. உலகத்திலேயே இந்த இரண்டும் மிக அதிகமாக விலகி நிற்கும் இடம் இந்தியப் பெருங்கடலில், இலங்கைக்குத் தெற்கே இருக்கிறது. அங்கே கடல் மட்டம் எலிப்சொயிட்டுக்கு ஏறத்தாழ 106 மீட்டர் கீழே. இலங்கை முழுவதும் அந்தப் பள்ளத்தின் சரிவில்தான் கிடக்கிறது, இங்கே வித்தியாசம் 90க்கும் 100க்கும் இடைப்பட்டது.

மன்னார் கடற்கரையில் பறந்தால் உயரம் மைனஸில் வரும், யாருக்கும் உடனே சந்தேகம் வரும். 1,418 மீட்டர் முற்றம் 1,323 என்று வந்தால் யாருக்கும் சந்தேகம் வராது. மலையில் இரண்டும் நம்பக்கூடிய எண்கள். அதிலும் மோசம், காற்றழுத்தமானியின் பிழையும் இதே பக்கம்தான், அதுவும் தாழ்த்தியே காட்டும். இரண்டையும் பிரிக்க நேரத்தைப் பாருங்கள்: ஜியோயிட் வித்தியாசம் காலையும் பின்னேரமும் ஒன்றே, நாளைக்கும் ஒன்றே. நேரத்தோடு மாறுவது காற்று.

பிபிபி முடிவு எலிப்சொயிட் உயரமாகத்தான் வரும். ஈஜிஎம் 2008 என்ற உலக ஜியோயிட் மாதிரியிலிருந்து அந்த இடத்தின் ஜியோயிட் எண்ணை எடுத்து, எலிப்சொயிட் உயரத்திலிருந்து கழியுங்கள். எண் மைனஸ் என்பதால் கழித்தால் கூடும், தடுமாற வேண்டாம். ஒரு தோட்டத்துக்குள் இந்த எண் கிலோமீட்டருக்குச் சில சென்டிமீட்டர் அளவில்தான் மாறும், சிறு வேலைக்கு ஒரே எண் போதும். நில அளவைத் திணைக்களத்தின் உயர அடையாளத்தோடு பொருந்த வேண்டிய வேலையென்றால் மாதிரியை மட்டும் நம்பாமல் அந்த அடையாளத்தின் மேலேயே கருவியை வைத்து வித்தியாசத்தை அளந்து சரிக்கட்டுங்கள். வெறும் ஒப்புநோக்குக்கு என்றால் மலைநாட்டு ரயில் நிலையப் பலகைகளும் உதவும். பட்டிப்பொல 6,226 அடி, அதாவது 1,898 மீட்டர் சுமார். 95 மீட்டர் பிழை இருந்தால் அங்கேயே பிடிபட்டுவிடும்.

படங்கள் ஒரு உயரத்திலும் ஜிசிபிகள் (தரையில் அடையாளம் வைத்து அளந்த கட்டுப்பாட்டுப் புள்ளிகள்) இன்னொரு உயரத்திலும் இருப்பதுதான் மிகவும் கெடுதல். ஜிசிபி கொடுத்தால் ஓடிஎம் படங்களின் ஜிபிஎஸ்ஸை ஒதுக்கிவிட்டு ஜிசிபியை நம்பும். ஃபோர்ஸ் ஜிபிஎஸ் என்ற தெரிவைப் போட்டால் இரண்டையும் சேர்த்து இழுபறி பண்ணும். உயரத்தைத் திருத்தாமல் அதை இயக்காதீர்கள். மெட்டாஷேப் என்ற மென்பொருளில் இதே காரியத்துக்கு ரெஃபரன்ஸ் பலகையில் கேமராக்களின் டிக்கை எடுத்துவிட வேண்டும். வரைபடத்தை இலங்கைக் கட்டத்தில் கொடுக்க வேண்டுமென்றால் புதிய எஸ்எல்டி 99 கட்டத்துக்கு ஈபிஎஸ்ஜி 5235. பழைய கண்டவளைக் கட்டம் 5234. ஒரு இலக்க வித்தியாசம்தான், ஆனால் தொடக்கப் புள்ளிக்குக் கொடுத்த எண் ஒன்றில் 5 லட்சம், மற்றதில் 2 லட்சம்.

ஆர்டிகே உள்ள ட்ரோனுக்கு இந்தத் தலைவலி இல்லை என்று நினைக்க வேண்டாம். படத்துக்குள் ஆர்டிகே ஃபிளாக் என்று ஒரு எண் இருக்கும்: 50 என்றால் உறுதி, 34 என்றால் அரைகுறை, 16 என்றால் வெறும் ஜிபிஎஸ். மலை முகட்டுக்குப் பின்னால் ட்ரோன் மறைந்ததும் தொடர்பு அறுந்து 50 என்பது 16 ஆகும், உயரமும் அந்த இடத்திலேயே தாவும். அட்டவணையில் 50 அல்லாத படங்களைப் பிரித்து அவற்றின் உயரத்தை மட்டும் நம்பாமல் விடுங்கள். படத்தை வீச வேண்டாம்.

பறக்கும்போதே தவிர்க்கக்கூடியவை

இந்த சென்சரில் ஒரு படம் தரையில் பிடிக்கும் இடம் பறக்கும் உயரத்தோடு நேராகப் போகும்: 80 மீட்டரில் 120க்கு 80 மீட்டர். முன்பின் மேற்பொருந்தல் (அடுத்தடுத்த படங்கள் ஒரே இடத்தைப் பிடிக்கும் பங்கு) 75 வீதம், பக்கவாட்டில் 65 வீதம் என்று வைத்து, ஏறிய இடத்திலிருந்து ஒரே உயரத்தில் பறந்தால், 50 மீட்டர் உயர்ந்த ஒரு முகட்டில் ட்ரோனுக்கும் தரைக்கும் இடையில் 30 மீட்டர்தான். அங்கே மேற்பொருந்தல் 33 வீதமாகவும் பக்கவாட்டில் 7 வீதமாகவும் சுருங்கிவிடும். அந்த முகடு மாதிரியில் ஓட்டையாக வரும். உயரத் தகவல் எவ்வளவு சரியாக இருந்தாலும் அங்கே பயனில்லை. தரையைப் பின்தொடர்ந்து பறக்கும் முறை மலையில் கட்டாயம்.

அதிலும் ஒரு பொறி உண்டு. திட்டமிடும் செயலி எஸ்ஆர்டிஎம் (விண்ணிலிருந்து ரேடாரால் எடுத்த உயரத் தரவு) உயரத்தை வைத்து, ஏறும் இடத்துக்கும் பறக்கும் இடத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்கிடுகிறது. ஏறும் இடம் டர்பன்டைன் தோப்புக்குப் பக்கத்தில் இருந்தால், மரத்தின் உயரமும் கலந்து, அந்த இடம் 10 மீட்டர் கூடுதல் என்று எஸ்ஆர்டிஎம் சொல்லக்கூடும். அப்போது பறப்பு முழுவதும் 10 மீட்டர் தாழ்ந்தே போகும். கிரவிலியா நிழல் மரம் நிற்கும் மலையில் அது சிறு விஷயம் இல்லை. மரமில்லாத, அகன்ற பிரட்டுக்களமோ விளையாட்டு மைதானமோ ஏறும் இடமாக இருக்கட்டும். முடிந்தால் எல்லாப் பெட்டரியும் ஒரே இடத்திலிருந்தே ஏறட்டும். முடியாவிட்டால் ஏறிய ஒவ்வொரு இடத்தையும் பெயின்ட்டால் அடையாளம் போட்டு அளந்துவிடுங்கள்.

ஜிசிபிக்கு 60 சென்டிமீட்டர் சதுரத்தில் கறுப்பு வெள்ளைக் கட்டம் போதும். 80 மீட்டரில் ஒரு பிக்சல் 2.2 சென்டிமீட்டர், 30 சென்டிமீட்டர் கட்டம் 13 பிக்சலாகத் தெரியும். பழைய பேனரின் பின்பக்கத்தில் பெயின்ட் அடித்தாலே சரி. இந்த வேலைக்கு ஏழு ஜிசிபியும், மென்பொருளுக்குக் கொடுக்காமல் சோதிக்க மட்டும் மூன்று புள்ளியும் வைத்தோம். எண்ணிக்கையை விட இடம் முக்கியம்: மேல்கணக்கின் உச்சியில் ஒன்று, ஆற்றோரத்தில் ஒன்று, நடு முகட்டில் ஒன்று கட்டாயம். எல்லாவற்றையும் நடக்கச் சுலபம் என்று ரோட்டோரமே வைத்தால் ரோட்டு மட்டும்தான் சரியாக வரும்.

இன்னொன்று, ட்ரோன் பார்ப்பது தேயிலைச் செடியின் தலையைத்தான். வளர்ந்த மலையில் கான் இலைக்கு அடியில் ஒளிந்துகொள்ளும். கானின் சரிவு வேண்டுமென்றால் கவ்வாத்து வெட்டிய (செடிகளைக் கத்தரித்த) மலையில், புதுத் துளிர் மூடுவதற்கு முன் பறக்க வேண்டும்.

திருத்திய பிறகு

புதிய ஜியோ கோப்போடு, ஜிசிபி இல்லாமல் ஒரு தடவை ஓட்டினோம். ரோட்டின் இரண்டு தட்டும் ஒன்றாயின. சோதனைப் புள்ளிகளில் ஒரு மீட்டருக்குச் சற்று மேல் பிழை இருந்தது. காற்றழுத்தமானியை மட்டும் வைத்து இதைவிட எதிர்பார்க்க முடியாது. பிறகு ஏழு ஜிசிபியையும் சேர்த்து ஓட்டியபோது மூன்று சோதனைப் புள்ளிகளிலும் உயரப் பிழை 10 சென்டிமீட்டருக்குள் அடங்கியது. ஜிசிபி மட்டும் போதுமே, முதல் திருத்தம் எதற்கு என்று கேட்கலாம். உயரம் 20 மீட்டர் படிவைத்து நிற்கும்போது ஜிசிபி குறிக்கப் படங்களைத் தேடினால் மென்பொருள் தவறான படங்களை முன்னால் நீட்டும், ஏழு புள்ளிக்கும் பொருத்தம் தேடி அரை நாள் போய்விடும். திருத்தியபின் அது ஒரு மணி நேர வேலை.

கவ்வாத்து மலையில் கான்களை ஒவ்வொன்றாக கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் நெடுக்குவெட்டு எடுத்துப் பார்த்தோம். 60 மீட்டர் நீளத்தில் அரை மீட்டர் இறக்கம் இருக்க வேண்டும். ஒன்றைத் தவிர எல்லாம் இறங்கின. அந்த ஒன்று மட்டும் நடுவில் ஒரு நாலு மீட்டருக்கு இன்னும் மேட்டுக்கே ஏறியது. உயரத் தகவலை இன்னொரு தடவை கிளறுவதற்கு முன், தண்ணீர் நிரப்பிய டியூப் ஒன்றை எடுத்துக்கொண்டு போய் அந்த இடத்தில் மட்டம் பார்த்தோம். வரைபடம் சரி. கான்தான் மண் நிரம்பி, 15 சென்டிமீட்டர் மேடாகிக் கிடந்தது.